ஆர்மா 4 வருகிறது: பழைய மோட்கள் என்ன ஆகும், சர்வர் யார் கையில் இருக்கும்?

செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம், தன் இராணுவக் கணினி ஆட்டத் தொடரின் நான்காம் பாகமான ஆர்மா 4 உருவாகிறது என்பதை 2022 மே மாதம் அறிவித்தது. 2024 அக்டோபரில் தன் 25ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் 2027 என்று ஆண்டையும் குறித்தது. ஓர் ஆட்டத்தின் அடுத்த பாகம் வருகிறதென்றால் ரசிகர்கள் குதிப்பார்கள். இங்கே பாதிப் பேர் குதிக்கிறார்கள், மீதிப் பேர் கொதிக்கிறார்கள். ஆட்டத்தை மாற்றியும் கூட்டியும் ரசிகர்கள் செய்த மோட்களின் பல வருட உழைப்பு வீணாகிறது என்கிறது ஒரு தரப்பு. எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலில் ஆடுகிறவர்களுக்காக ஆட்டத்தை எளிதாக்கிவிடுவார்கள் என்கிறது இன்னொன்று. இடையில் வந்த ரீஃபோர்ஜர் என்ற ஆட்டத்தையே பெயர் மாற்றி விற்கப்போகிறார்களா என்று கேட்பவர்களும் உண்டு.

பொள்ளாச்சியில் தொடங்கி கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு வரை, மாநில எல்லையின் இரு பக்கமும் தமிழ் பேசி ஆடும் சிறு குழுக்களுக்கும் இதே குழப்பம்தான். ஆனால் உலகம் முழுக்க நடக்கும் சண்டையில் பெரிதாகப் பேசப்படுவது ஒன்று, இந்தப் பக்கத்து ஆட்டத்தைத் தீர்மானிக்கப்போவது வேறொன்று. நமக்குப் பெரிய கேள்விகள் இரண்டே: கணினி ஓட்டும் எதிரி வீரர்கள் எவ்வளவு நன்றாகச் சண்டையிடுவார்கள்? சர்வரை நாமே நம் ஊருக்குப் பக்கத்தில் நடத்த முடியுமா? ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மில்சிம் என்றால் என்ன

மில்சிம் என்பது இராணுவப் பாவனை ஆட்டம். சாதாரணச் சுடும் ஆட்டங்கள் பலவற்றில் பொத்தானை அழுத்திய நொடியிலேயே குண்டு பட்டதாகக் கணக்கு. ஆர்மாவில் ஒவ்வொரு தோட்டாவும் தனிப் பொருளாகப் பறக்கும், வேகம் குறையும், கீழே இறங்கும். 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா குழலை விட்டு நொடிக்குச் சுமார் 830 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றின் தடையால் வேகம் குறைந்து 600 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்குள் ஓடுகிற ஆள் நான்கு மீட்டர் தள்ளிப் போயிருப்பார். எனவே அவரைக் குறிவைத்துச் சுட்டால் படாது, அவர் போகப்போகிற இடத்தைக் குறிவைக்க வேண்டும்.

இதற்கு மேல் பெரிய நிலப்பரப்பு. ஆர்மா 3இன் ஆல்டிஸ் தீவின் தரை மட்டும் 270 சதுர கி.மீ. சண்டை பத்து நிமிடம் என்றால் அந்த இடத்துக்கு நடந்தோ வண்டியிலோ போவது நாற்பது நிமிடம். பொறுமையும் ரேடியோ ஒழுங்கும் இல்லாத குழு இங்கே தேறாது.

பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்திய வடிவம்) ஆடுகிறவர்களுக்கும் இதில் உறவு உண்டு. ஆர்மா 2க்கு டீன் ஹால் 2012இல் செய்த டேஇசட் மோட் ஒரு பெரும் அலையைக் கிளப்பியது. அந்த அலையில் வந்த பிரெண்டன் கிரீன், ஆர்மா 3இல் செய்த, கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதும் பேட்டில் ராயல் மோடிலிருந்துதான் 2017இன் பப்ஜி பிறந்தது. ரசிகர்கள் செய்யும் மோட் இந்தத் தொடருக்கு ஓர் ஒட்டு வேலை அல்ல, அதுவே உயிர். கோபத்தைப் புரிந்துகொள்ள முதலில் இது மனதில் பதிய வேண்டும்.

பெயர்க் குழப்பம்

2001இல் வந்த முதல் ஆட்டத்தின் பெயர் ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட். செய்தது போஹீமியா, வெளியிட்டது கோட்மாஸ்டர்ஸ். இருவரும் பிரிந்தபோது பெயர் வெளியீட்டாளரிடம் தங்கிவிட்டது. அதனால்தான் 2009இல் வந்த ட்ராகன் ரைசிங்கில் ஃப்ளாஷ்பாயின்ட் என்ற பெயர் இருந்தும் போஹீமியாவின் கை இல்லை. போஹீமியா தன் வழியில் ஆர்மா (2006), ஆர்மா 2 (2009), ஆர்மா 3 (2013) என்று போனது. 2022 மே மாதம் முன்னோட்ட வடிவில் வந்து 2023 நவம்பரில் முழுமையடைந்த ரீஃபோர்ஜர், நான்காம் பாகம் அல்ல. புதிய எஞ்சினை மக்கள் கையில் கொடுத்துச் சோதிப்பதற்காக, 1989ஆம் ஆண்டுப் பனிப்போர்க் காலத்தை வைத்துச் செய்யப்பட்ட தனி ஆட்டம். அதை நான்காம் பாகத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டு குறைந்துபோய்விட்டது என்று திட்டுவதில் நியாயம் பாதிதான். ஹெலிகாப்டரும் டாங்கியும் இல்லாமல் வந்த ஆட்டம் அது. ஹெலிகாப்டர் பிறகுதான் சேர்ந்தது.

கோபத்தின் வேர்: எஞ்சின் மாறுகிறது

எஞ்சின் என்பது ஆட்டத்தின் அடியில் ஓடும் மென்பொருள். படம் வரைவது, தோட்டாவை நகர்த்துவது, வீரரை யோசிக்க வைப்பது, பல கணினிகளை ஒத்திசைப்பது எல்லாம் அதன் வேலை. முதல் ஆட்டம் முதல் ஆர்மா 3 வரை ரியல் விர்ச்சுவாலிட்டி என்ற ஒரே எஞ்சின் வளர்ந்துகொண்டே வந்தது. ஆர்மா 4 என்ஃப்யூஷன் என்ற புதிய எஞ்சினில் வருகிறது.

பழையதை ஏன் கைவிட்டார்கள்? ஆர்மா 3 ஆடியவர்களுக்கு விடை கையிலேயே தெரியும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் பெரிய சண்டையில் நொடிக்கு வரையும் படங்களின் (ஃப்ரேம்) எண்ணிக்கை 25க்கு விழும். காரணம் கார்டு அல்ல, பிராசஸர். ஆட்ட உலகைக் கணக்கிடும் முக்கிய வேலை பெரும்பாலும் பிராசஸரின் ஒரே பகுதியில் (கோர்) வரிசையாக நடக்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். நூறு கணினி வீரர்கள் இருந்தால் அந்த வேலையே அதைத் தாண்டி இழுக்கும், மற்ற கோர்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட ரைசன் 5800எக்ஸ்3டி போன்ற பிராசஸர்கள் ஆர்மா 3இல் பெயர் வாங்கியது இதனால்தான். நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

ஸ்கிரிப்ட் மொழியிலும் சுமை உண்டு. ஆர்மா 3 மோட்கள் எழுதப்பட்ட எஸ்க்யூஎஃப் மொழியில், வரிசையில் நின்று ஓடும் ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஃப்ரேமுக்கு 3 மில்லி விநாடிதான் ஒதுக்கீடு. மோட் கூடக் கூட வரிசை நீளும். மிஷன் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, காயத்துக்குக் கட்டுப் போட அழுத்தினால் பத்து நொடி கழித்துக் கட்டு விழுவது இதனால்தான். நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ஃப்யூஷனில் எழுதப்படும் என்ஃபோர்ஸ் ஸ்கிரிப்ட் வேறு வகை மொழி. வகுப்பு, பொருள் என்று அமைந்த, சி ஷார்ப் தெரிந்தவர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளக்கூடிய மொழி.

அப்படியானால் மாற்றம் நல்லதுதானே? எஞ்சினைப் பொறுத்தவரை ஆம். ஆனால் கைத்தறியின் அச்சையும் விழுதையும் கொண்டுபோய் விசைத்தறியில் மாட்ட முடியாது, நூலை மட்டும்தான் எடுத்துப் போகலாம். மோட்களில் எது நூல், எது அச்சு என்று பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது:

1. முப்பரிமாண உருவங்கள்: மூலக் கோப்பு (பிளென்டர் கோப்பு அல்லது எஃப்பிஎக்ஸ்) கையில் இருந்தால் போகும். ஆட்டத்துக்காகச் சுருக்கிக் கட்டிய பி3டி மட்டும் இருந்தால் போகாது. மூலத்தைப் பாதுகாக்காத மோட்காரர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

2. மேற்பரப்புப் படங்கள்: பிஏஏ வடிவிலிருந்து இடிடிஎஸ் வடிவுக்கு மாற்ற வேண்டும். பளபளப்பு, சொரசொரப்பு ஆகியவற்றைப் புதிய எஞ்சின் வேறு முறையில் கணக்கிடுவதால், மாற்றினால் மட்டும் போதாது. அப்படியே போட்டால் துப்பாக்கி பிளாஸ்டிக் போலத் தெரியும்.

3. ஒலி: மூல வேவ் கோப்புகள் போகும். எப்போது எந்த ஒலி என்ற விதிகளைப் புதிதாக எழுத வேண்டும்.

4. எஸ்க்யூஎஃப் ஸ்கிரிப்ட், கான்ஃபிக் கோப்பு: போகாது. தர்க்கத்தைப் படித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும்.

5. ஆர்மா 3இன் ஈடன் என்ற கருவியில் செய்த மிஷன்கள்: போகாது. வாராவாரம் ஞாயிறு இரவுக்காக மிஷன் கட்டியவர்களுக்கு இதுதான் பெரிய அடி.

ஆகவே உழைப்பு வீண் என்ற புலம்பல் மிகையல்ல. ஏஸ் போன்ற மருத்துவ, தோட்டாப் பாய்வு மோட்களும் டிஎஃப்ஏஆர் போன்ற ரேடியோ மோட்களும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் இழைத்தவை. அவர்கள் இன்னொரு முறை அதே உழைப்பைக் கொடுப்பார்களா என்ற கவலை உண்மையானது. ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ரேடியோ அலைவரிசை, பேச்சு, காயம், கட்டு ஆகியவற்றின் அடிப்படை ரீஃபோர்ஜரிலேயே எஞ்சினோடு வந்துவிட்டது. ரேடியோ மோடுக்காக டீம்ஸ்பீக் என்ற பேச்சுச் செயலியைத் தனியாக நிறுவி, செருகு கோப்பு ஒத்துப்போகாமல் அரை மணி நேரம் வீணாகும் கூத்து அங்கே இல்லை.

நம் பக்கத்தின் கணக்கு: தூரம்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். பாலக்காட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் 7,500 கி.மீ. அளவு. போய் வர 75 மில்லி விநாடி என்பது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். கேபிள் கடல் சுற்றிப் போவதால் நடைமுறையில் 130 முதல் 160 வரை வரும். மும்பைச் சர்வருக்குப் பொதுவாக 25 முதல் 40, சிங்கப்பூருக்கு 50 முதல் 80. அதிக விலைத் திட்டம் வாங்கினால் பிங் எனப்படும் இந்தப் போய் வரும் நேரம் குறையும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வேகம் கூடும், தூரம் குறையாது.

இந்தத் தூரம் ஆர்மா 3இல் பெரிதாக உறுத்தவில்லை. அங்கே தோட்டா பட்டதா இல்லையா என்பதைச் சுட்டவரின் கணினியே கணக்கிடும். கணினி வீரர்களுக்கு எதிராக நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆடும்போது 150 பிங்கிலும் குண்டு சரியாகப் படும். இந்த வசதிக்கு விலையும் இருந்தது. ஆடுபவர் கணினியை நம்புவதால் ஏமாற்றுக்காரர்கள் புகுந்து விளையாடினார்கள். என்ஃப்யூஷன் அந்தக் கதவை மூடுகிறது, ஆட்டத்தின் நிலையைச் சர்வரே முடிவு செய்கிறது. ஏமாற்று குறைய இதுவே சரியான வழி. ஆனால் தொலைவில் இருப்பவர் அதற்குக் கொடுக்கும் விலை, தாமதம். 150 மில்லி விநாடியில், நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவர் முக்கால் மீட்டர் நகர்ந்திருப்பார். சுவருக்குப் பின்னால் வந்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் சாவது இந்த முக்கால் மீட்டரில்தான்.

இதனால்தான் இப்பக்கக் குழுக்கள் ஆளுக்கு ஆள் மோதும் பெரிய ஐரோப்பியச் சர்வர்களை விட, தங்கள் சொந்தச் சர்வரில் கணினி வீரர்களுக்கு எதிராக ஆடுவதை விரும்புகின்றன. ரீஃபோர்ஜரின் புகழோ ஆளுக்கு ஆள் மோதும் கான்ஃப்ளிக்ட் முறையில் வந்தது. ஆர்மா 4இலும் முழு கவனம் அங்கேயே போய், கணினி வீரர்கள் மரத்தைப் பார்த்து நிற்கும் நிலையில் விடப்பட்டால் இழப்பு நமக்குத்தான் அதிகம். நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான்: சுடப்பட்டால் மறைவு தேடுவார்களா, பக்கவாட்டில் சுற்றி வருவார்களா, கட்டடத்துக்குள் வழி தெரியுமா, ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சர்வர் தாங்கும்.

சொந்தச் சர்வரில் எது இடிக்கும்

ரீஃபோர்ஜர் சர்வரை இப்போதே நடத்திப் பழகுவது நல்லது, எஞ்சின் அதுதான். வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இவை:

1. சிஜிநாட். பல ஃபைபர் இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான் தருகிறார்கள். ரௌட்டரின் வேன் (இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். எத்தனை முறை போர்ட் (தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. கேபிள்காரரிடம் நிலையான பொது முகவரி கேளுங்கள். இல்லையென்றால் மும்பையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுங்கள்.

2. போர்ட். ஆர்மா 3க்கு யுடிபி 2302 முதல் 2306 வரை. ரீஃபோர்ஜருக்கு யுடிபி 2001, சர்வர் பட்டியலில் தெரிய 17777. யுடிபிக்குப் பதில் டிசிபி என்ற வேறு தரவு முறைக்குத் திறந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

3. ஜேசன் அமைப்புக் கோப்பு. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் சர்வர் எழாது. மோட் பட்டியலில் கடைசி மோடுக்குப் பின் வரும் கூடுதல் காற்புள்ளிதான் பெரும்பாலும் குற்றவாளி.

4. ஃப்ரேம் வரம்பு. மேக்ஸ்எஃப்பிஎஸ் என்ற தொடக்கக் கட்டளையில் 60 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் சர்வர் தேவையில்லாமல் பிராசஸரைத் தின்னும்.

5. பதிவேற்ற வேகம். ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் என்று ஒதுக்கி வையுங்கள், இடிக்காது. வீட்டுச் சர்வர் என்றால் யுபிஎஸ் கணினிக்கு மட்டும் இருந்து பயனில்லை. ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

நம் நிலத்தை வரைபடமாக்குவோருக்கு

ஆல்டிஸ் வரைபடச் சதுரத்தின் பக்கம் 30.72 கி.மீ. பாலக்காட்டுக் கணவாயின் அகலமும் ஏறக்குறைய 30 கி.மீ.தான். வடக்கே நீலகிரிச் சரிவு, தெற்கே நெல்லியாம்பதி, நடுவே வயலும் பனையும் ஆறும் என்ற நிலம் மில்சிம்முக்கு அருமையான களம். இப்படி வரைபடம் செய்ய நினைப்பவர்கள், ஆர்மா 3இல் தொடங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பதே பதில். உயரத் தரவு போகும், சாலையும் மரமும் வீடும் வைத்த வேலை போகாது.

உயரத் தரவில் மூன்று கண்ணிகள் உண்டு. நாசா விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதை 7.5 மீட்டராக இழுத்தால் மேடு வழவழப்பாகும், புதிய விவரம் வராது. வரப்பும் வாய்க்காலும் அதில் இல்லை, கையால்தான் செதுக்க வேண்டும். அடுத்து, அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரையை அல்ல, மரத் தலைப்பை ஒட்டி அளந்தது. அதன் மேல் நீங்களும் மரம் நட்டால் காடு உண்மையை விட உயரமாகும். மூன்றாவது, உயரப் படத்தை 8 பிட்டில் சேமிப்பது. 1,600 மீட்டர் உயரத்தை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 6 மீட்டருக்கு மேல். மலைச் சரிவு மொத்தமும் படிக்கட்டாகிவிடும். 16 பிட்டில் ஒரு படி இரண்டரை சென்டிமீட்டர்.

கட்டடங்களின் மேற்பரப்புக்காகப் படம் எடுக்கப் போகிறவர்கள் இராணுவ, பாதுகாப்பு இடங்களை விட்டு விலகியே இருங்கள். ஆல்டிஸுக்கு முன்மாதிரியான கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில், படம் எடுத்ததற்காகப் போஹீமியா ஊழியர்கள் இருவர் 2012 செப்டம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி 2013 ஜனவரி வரை சிறையில் இருந்தார்கள்.

கன்சோல் பற்றிய பயம்

ரீஃபோர்ஜர் எக்ஸ்பாக்ஸில் மோடோடு சேர்த்து வந்தது, பிறகு பிளேஸ்டேஷன் 5இலும் வந்தது. கைப்பிடியில் பொத்தான் குறைவு என்பதால் கட்டளைகள் சுருங்கும் என்பது பயம். கொஞ்சம் சுருங்கவும் செய்தது. ஆனால் ஆட்கள் பெருகினார்கள், அவர்களில் சிலர் மோட் செய்யவும் வருவார்கள். இந்த விஷயத்தில் புலம்பலை விட ஆதாயம் பெரிது.

சந்தேகத்துக்கு வரலாற்றுக் காரணம்

2027 என்ற ஆண்டைப் பலர் நம்பத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. டேஇசட் தனி ஆட்டம் 2013 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து, 2018 டிசம்பரில்தான் முழுமையடைந்தது. ஆர்மா 3இன் கதைப் பகுதி ஆட்டத்தோடு வரவில்லை, பிறகு மூன்று தவணையாக இலவசமாக வந்தது. 64 பிட் வடிவம் 2017இல். இதே வரலாற்றை மறுபக்கமாகவும் படிக்கலாம்: விட்டுவிட்டு ஓடவில்லை, வருடக்கணக்கில் திருத்தினார்கள். போர்ச் சட்டங்களைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆர்மா 3 கூடுதல் தொகுப்பின் வருமானத்தில் பாதியாக 1,76,667 டாலரைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த நிறுவனம் இது.

ஆட்டக் காட்சி, செய்தியாகும்போது

படம் தத்ரூபமாவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆர்மா 3 காட்சிகளை உக்ரைன் போர் என்று பரப்பியதால் 2022 நவம்பரில் நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. 2025 மே மாத இந்திய – பாகிஸ்தான் மோதலின்போதும் அதே வேலை நடந்தது. குடும்பக் குழுவில் இப்படி ஒன்று வந்தால் பார்க்க வேண்டியவை: மிகக் குறைந்த தெளிவு, ஆடும் கேமரா, இரவுக் காட்சி, ஒலி இல்லாமை, நடமாடும் மனிதர் ஒருவரும் இல்லாமை, இயல்பில்லாத புகை. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு: இது ஆட்டக் காட்சி என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2027க்கு முன் செய்ய வேண்டியவை

1. ஆர்மா 3ஐ நீக்காதீர்கள். ஆட்டம் வாங்கிய ஸ்டீம் தளத்தின், மோட்கள் இறங்கும் 107410 என்ற எண்ணுள்ள வொர்க்‌ஷாப் கோப்புறையை ஒரு வெளி டிஸ்கில் நகலெடுங்கள். மோட்காரர் அழித்துவிட்டால் ஸ்டீமிலிருந்து திரும்பக் கிடைக்காது. ஆட்டத்தைத் தொடங்கும் லாஞ்சரில் மோட் தொகுப்பையும் ஏற்றுமதி செய்து அதே டிஸ்கில் வையுங்கள்.

2. மிஷன்களை ஈடனில் திறந்து, பைனரியாக்கும் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள். அப்போதுதான் கோப்பு படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும். எங்கே எதிரி, எப்போது படை வரும் என்ற திட்டத்தைப் பார்த்துப் புதிய எஞ்சினில் மறுபடி கட்டலாம்.

3. உருவங்களின் மூலக் கோப்புகளை எஃப்பிஎக்ஸ் வடிவிலும் சேமியுங்கள். மற்றவர் செய்த உருவத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது உரிம மீறல். அவரிடம் எழுதிக் கேளுங்கள்.

4. குழுவில் ஒருவராவது ரீஃபோர்ஜரின் வொர்க்பெஞ்ச் என்ற மோட் கருவியில் என்ஃபோர்ஸ் ஸ்கிரிப்ட் கற்கட்டும். முதல் பயிற்சிக்கு, ஒரு துப்பாக்கியின் தோட்டாக் கொள்ளளவை மாற்றும் சின்ன மோட் போதும்.

5. புதிய கணினி இப்போது வாங்க வேண்டாம். ஆட்டத்தின் தேவைப்பட்டியல் வந்த பிறகு, அதைப் பார்த்து வாங்கலாம்.

6. பதிவிறக்கத்தைக் கணக்கிடுங்கள். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 எம்பி, 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம். மாதம் 3,300 ஜிபி வரம்பு உள்ள திட்டத்தில் ஒரு வீட்டுக்குப் பிரச்சினையில்லை. குழுவில் யாருக்காவது மொபைல் டேட்டா மட்டுமே இருந்தால், கோப்புகளை டிஸ்கில் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் விட்டுப்போனதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.